சம்பளம் கூடினால் மிச்சம் கூடுமா? ஊர் மாறும் முன் போட வேண்டிய வீட்டுக் கணக்கு

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வசிக்கும் ஒரு குடும்பத்துக்குச் சென்னையிலிருந்து வேலை அழைப்பு வருகிறது. இங்கே மாதம் 35 ஆயிரம் ரூபாய், அங்கே 55 ஆயிரம். "20 ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கிறதே, யோசிக்க என்ன இருக்கிறது?" என்றுதான் சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, பெரிய மருத்துவமனைகள், வளரும் வாய்ப்பு என்று காரணங்களும் அடுக்கடுக்காக வரும். ஒரு மாதத்துக்குள் வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறிவிடும்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் கையில் முன்பைவிடக் குறைவாகவே மிஞ்சும். சில வீடுகளில் மாதக் கடைசியில் நகை அடகுக் கடைக்குப் போகும். சம்பளம் கூடியும் ஏன் இந்த நிலை? ஊதாரித்தனம் காரணமல்ல. புறப்படும் முன் சம்பளத்தோடு சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டார்கள். மிச்சத்தோடு மிச்சத்தை ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். திருநெல்வேலியிலிருந்து சென்னை செல்லும் குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

எது மாறும், எது மாறாது?

"சென்னையில் விலைவாசி அதிகம்" என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எல்லாமே அதிகம் இல்லை. சோப்பு, எண்ணெய், பிஸ்கட், மாத்திரை எதுவாக இருந்தாலும் உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சமையல் எரிவாயு சிலிண்டர், பெட்ரோல் ஆகியவற்றில் ஊருக்கு ஊர் சிறு வித்தியாசமே உண்டு. ரேஷன் பொருட்கள் மாநிலம் முழுவதும் ஒரே விலை. வீட்டு மின்சாரத்துக்கும் தமிழ்நாடு முழுவதும் ஒரே கட்டணம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் பொது. காய்கறி, மீன், கறி விலை மாறும் என்றாலும், குடும்பத்தின் மொத்தக் கணக்கைப் புரட்டிப் போடும் அளவுக்கு மாறாது.

மாறுவது வேறு: வீட்டு வாடகை, தண்ணீர், பள்ளிக் கட்டணம், அன்றாடப் போக்குவரத்து, ஆள் கூலி, சொந்த ஊருக்குப் போய்வரும் செலவு.

அரசாங்கமே இதைத்தான் ஒப்புக்கொள்கிறது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு அகவிலைப்படியை எல்லா ஊருக்கும் ஒரே விகிதத்தில் கொடுக்கிறது. வீட்டு வாடகைப்படிக்கு மட்டும் நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை எக்ஸ் பிரிவு. அங்கே அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு. ஒய் பிரிவுக்கு 20, இசட் பிரிவுக்கு 10. ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவது குடியிருக்கும் கூரையின் விலைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஆகவே ஒப்பிட உட்காரும்போது தக்காளி விலையில் தொடங்காமல் வீட்டில் தொடங்க வேண்டும்.

வீடு: வாடகை மட்டும் வாடகையல்ல

நம் ஊர்களில் பெரும்பாலானோர் வாப்பா கட்டிய வீட்டிலோ, பாகம் பிரியாத குடும்ப வீட்டிலோ வசிக்கிறோம். வாடகை என்ற வரியே நம் மாதக் கணக்கில் இருக்காது. சென்னைக்குப் போகும்போது அந்த வரி புதிதாக முளைக்கிறது. அதுவே பட்டியலில் முதலிடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

அந்த வாடகைக்குப் பின்னால் இன்னும் சில வரிகள் ஒளிந்திருக்கின்றன. அடுக்குமாடி என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணம். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைக்காமல் துணை மீட்டர் வைத்திருந்தால், மின்வாரியத்தின் இலவச யூனிட் நமக்குக் கிடைக்காமல், யூனிட்டுக்கு அவர் சொல்லும் தொகையைக் கொடுக்க வேண்டி வரலாம். தனி மீட்டர் இருந்தாலும், ஏ.சி. ஓடி இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், குறைந்த யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். கட்டணம் ஒரே அடியில் ஏறும்.

தண்ணீரை நாம் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் குடிதண்ணீர் கேன் வாங்குவது பழக்கமில்லை. சென்னையில் பல வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்தான். கோடையில் லாரித் தண்ணீரும் சேரும். 2019-ல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்ததை மறக்க முடியாது. வீடு பார்க்கும்போது "வாடகை எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்காமல், "மே மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும். அதே கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவரிடம் கேட்டால் உண்மை தெரியும்.

அடுத்தது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. "வேறு உடன்பாடு" என்ற சொல் இருப்பதால் பேரம் பேசியாக வேண்டும். ஆனால் சட்டம் தெரிந்து பேசுவதற்கும் தெரியாமல் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வாடகை உயரும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

நம் சமுதாயத்துக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் "இப்போதுதான் வேறு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்" என்று சொல்லப்படுவதும், "அசைவம் சமைப்பவர்களுக்கு இல்லை" என்று சுற்றிவளைத்துச் சொல்லப்படுவதும் நம்மில் பலர் அறிந்ததே. இதனால் மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, புதுப்பேட்டை, பல்லாவரம் என்று நம்மவர்கள் வசிக்கும் பகுதிகளையே தேடுகிறோம். பள்ளிவாசல் பக்கத்தில், பிள்ளைகளுக்கு மக்தப் பக்கத்தில், ஹலால் கறிக்கடை பக்கத்தில் என்பதும் நியாயமான தேவைதான். ஆனால் தேடும் வட்டம் சுருங்கச் சுருங்க வாடகை ஏறும். எனவே இரண்டு மூன்று பகுதிகளில் விசாரித்து, அதிலும் கூடிய தொகையைத்தான் கணக்கில் எழுத வேண்டும். நண்பர் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிடித்த வீட்டின் வாடகை நமக்கு உதவாது.

லீசு வீடு லாபமா?

வாடகைப் பேச்சில் கட்டாயம் வரும் ஒரு யோசனை, "லீசுக்கு எடுத்துவிடுங்கள்" என்பது. நம் பக்கத்தில் ஒத்தி என்று சொல்வோம். எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் இருக்கலாம். போகும்போது கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும். மேலோட்டமாகப் பார்த்தால் வாடகை முழுவதும் மிச்சம்.

இதில் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, கொடுத்த தொகை குறையாமல் திரும்புகிறது, அதற்கு ஈடாக நாம் இலவசமாகக் குடியிருக்கிறோம். அப்படியானால் பணம் கடனாகவும், குடியிருப்பு அந்தக் கடனின் ஆதாயமாகவும் ஆகிவிடுகிறது. கடனைக் கொண்டு பெறும் ஆதாயம் வட்டியே என்று ஆலிம்கள் பலர் எச்சரிக்கிறார்கள். அட்வான்ஸை ஏற்றி வாடகையைக் குறைத்துக்கொள்ளும் பேரத்திலும் இதே கேள்வி எழுகிறது. கையெழுத்துப் போடும் முன் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது கடமை.

இரண்டாவது, உலக நடைமுறை. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்திருப்பார். அடுத்த ஆள் கிடைத்தால்தான் நமக்குத் திருப்பித் தருவார். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து ஏலத்துக்கு வந்தால், நம் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். எனவே வாடகை மிச்சம் என்று மட்டும் பார்த்து இதில் இறங்குவது, மார்க்கத்திலும் உலகக் கணக்கிலும் ஆபத்தான வழி.

பள்ளிக்கூடம்: கட்டணச் சீட்டில் இல்லாத இழப்பு

பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் பலர் ஊர் மாறுகிறார்கள். அதனாலேயே படிப்பின் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். புதிய பள்ளியின் ஆண்டுக் கட்டணம், சேர்க்கைத் தொகை, சீருடை, புத்தகம், வேன் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவிடலாம். எழுத மறப்பது, ஊரில் நாம் விட்டுவிட்டு வரும் உரிமைகளைத்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பிள்ளை கட்டணமின்றிப் படித்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சேர்க்கை எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு என்ற நுழைவு வகுப்புக்கே உரியது. மூன்றாம் வகுப்பில் ஊர் மாறினால் புதிய பள்ளியில் அந்த இடம் தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், முஸ்லிம் அல்லது கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகளில் அதைக் கேட்கவும் வழியில்லை.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020-ல் தமிழக அரசு சட்டமாக்கியது. 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதே அடிப்படை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைச் சென்னைக்குக் கூட்டிவந்த பெருமையில் தனியார் பள்ளியில் சேர்த்தால், மாதக் கட்டணத்தோடு இந்தக் கதவுகளும் மூடிக்கொள்கின்றன. சென்னையிலும் அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தால் கதவு திறந்தே இருக்கும். இதைத் தெரிந்து முடிவெடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

தூரத்துக்கும் விலை உண்டு

மேலப்பாளையத்தில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, சந்தை, பள்ளிவாசல், உறவினர் வீடு எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். சென்னையில் வேலை ஓர் இடம், பள்ளி ஓர் இடம், வீடு ஓர் இடம்.

போக்குவரத்தை மலிவாக்கும் வழிகள் சென்னையில் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரையும், சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், கும்மிடிப்பூண்டி திசைகளிலும் புறநகர் ரயில் ஓடுகிறது. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு மிகக் குறைவு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. எனவே ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வீட்டின் வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதுவே மலிவான வீடாக அமையலாம். ஆட்டோ பிடித்தால்தான் நிலையம் என்றால், குறைந்த வாடகையின் லாபத்தை ஆட்டோவே எடுத்துக்கொள்ளும்.

நேரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். போகவும் வரவும் தினமும் மூன்று மணி நேரம் என்றால், மாதம் 25 வேலை நாளில் 75 மணி நேரம். மக்ரிபுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓத வைத்த வாப்பா, இஷாவுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவார். இதற்கு ரூபாய் போட முடியாது. ஆனால் தாளில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

ஊருக்குப் போய்வரும் செலவு இன்னொன்று. நெல்லைக்கும் சென்னைக்கும் சுமார் 650 கிலோமீட்டர். இரண்டு பெருநாள், கோடை விடுமுறை, ஒரு கல்யாணம், ஒரு மவுத்து என்று பார்த்தால் ஆண்டுக்கு நான்கைந்து பயணம் நிச்சயம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பெருநாள் தேதியைக் கணக்கிட்டு, பிறை ஒரு நாள் முன்பின் ஆனாலும் பொருந்தும்படி அன்றே பதிவு செய்தவருக்கு ரயில். தவறினால் ஆம்னி பேருந்தின் பண்டிகைக் கட்டணம். தெற்கே இருந்து வரும் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுவதால், பெட்டி படுக்கையோடு அங்கிருந்து மண்ணடிக்கோ திருவல்லிக்கேணிக்கோ போகும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாளில் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஒரு கணக்கைப் போடுவோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே வாப்பாவும் உம்மாவும் இருக்கும் குடும்பம். கீழே உள்ள தொகைகள் முறையை விளக்குவதற்காக நாமே எடுத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொகையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் பத்தி, ஊரில் இருந்தால். சம்பளம் 35,000 ரூபாய்.
வாடகை: இல்லை
மளிகை, பால், காய்கறி, கறி, மீன்: 13,000
மின்சாரம், எரிவாயு, தண்ணீர்: 1,500
பள்ளி: 2,500
போக்குவரத்து: 2,000
தொலைபேசி, இணையம்: 1,000
மருத்துவம், துணிமணி, விசேஷங்கள்: 4,000
மொத்தம் 24,000. மிச்சம் 11,000.

இரண்டாம் பத்தி, பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு நால்வரும் சென்னை சென்றால். சம்பளம் 55,000 ரூபாய்.
வாடகை, பராமரிப்பு: 17,500
மளிகை, பால், காய்கறி, கறி, மீன்: 14,500
மின்சாரம், எரிவாயு, தண்ணீர்: 3,000
பள்ளி: 6,500
போக்குவரத்து: 4,000
தொலைபேசி, இணையம்: 1,000
மருத்துவம், துணிமணி, விசேஷங்கள்: 4,000
பெற்றோருக்கு ஊருக்கு அனுப்புவது: 4,000
ஊர்ப் பயணம், மாதச் சராசரி: 2,000
மொத்தம் 56,500. மிச்சம் இல்லை, 1,500 ரூபாய் பற்றாக்குறை.

சம்பளம் 20,000 கூடியது. செலவு 32,500 கூடிவிட்டது. அந்த 32,500-ல் சாப்பாட்டுச் செலவின் பங்கு வெறும் 1,500 என்பதைக் கவனிக்க வேண்டும். மீதி அத்தனையும் வீடு, பள்ளி, தூரம், பிரிந்த குடும்பம் ஆகியவற்றின் விலை. பழைய மிச்சமான 11,000 அப்படியே வேண்டுமானால் இந்தக் குடும்பத்துக்குச் சென்னையில் 67,500 ரூபாய் சம்பளம் தேவை. வேலை கொடுப்பவரிடம் சம்பளம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய எண் இதுதான்.

ஒருமுறைச் செலவு தனி. ஐந்து மாத அட்வான்ஸ் 80,000, தரகு 16,000, லாரி 20,000, பள்ளிச் சேர்க்கை 30,000, சில்லறைச் செலவுகள் 14,000 என்றால் மொத்தம் 1,60,000. இதில் அட்வான்ஸ் திரும்பி வரும். மற்ற 80,000 வராது. இரண்டு ஆண்டுகளே இருப்போம் என்றால் அதை 24 மாதத்தால் வகுத்து, மாதம் ஏறத்தாழ 3,300 ரூபாயைச் செலவில் சேர்க்க வேண்டும். இந்தத் தொகைக்கு நகையை வட்டிக்கு வைப்பதைவிட, ஆறு மாதம் பயணத்தைத் தள்ளிப்போட்டுச் சேர்ப்பது மேல். சில ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் தருகின்றன, விசாரித்துப் பார்க்கலாம்.

போகவே கூடாது என்பதல்ல இதன் பொருள். எந்த வரியை மாற்ற முடியும் என்பதை இந்தத் தாள் காட்டிக்கொடுக்கிறது. கூடுவாஞ்சேரி போன்ற புறநகரில் ரயில் நிலையத்தின் பக்கத்தில் 6,000 ரூபாய் குறைவாக வீடு கிடைத்து, போக்குவரத்து 1,000 கூடி, பிள்ளைகள் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்வதால் 5,000 குறைந்தால், பற்றாக்குறை மறைந்து 8,500 ரூபாய் மிஞ்சும். அதுவும் ஊரில் மிஞ்சிய 11,000-ஐவிடக் குறைவுதான். ஆனால் இரண்டு ஆண்டில் பதவி உயர்வு உறுதி என்றாலோ, பிள்ளையின் தொடர் சிகிச்சைக்குச் சென்னை தேவை என்றாலோ, மனைவியின் படிப்புக்கு அங்கே வேலை கிடைக்கும் என்றாலோ, அந்த 2,500 ரூபாய் குறைவைத் தெரிந்தே ஏற்கலாம்.

மூன்றாம் பத்தி

இன்னொரு பத்தியும் உண்டு. குடும்பம் ஊரிலேயே இருக்க, கணவர் மட்டும் போவது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் பங்கு அறை 5,000, சாப்பாடு 6,000, போக்குவரத்து 2,000, ஊர்ப் பயணம் 2,500, ஆக 15,500. ஊரில் அவருடைய சாப்பாடும் வண்டிச் செலவும் குறைந்து, குடும்பச் செலவு 20,000. மொத்தம் 35,500. மிச்சம் 19,500 ரூபாய். மூன்றில் இதுவே அதிகம்.

நம் சமுதாயத்துக்கு இந்தப் பத்தி புதிதல்ல. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று தொடங்கி வளைகுடா வரை, தலைமுறை தலைமுறையாக நாம் தேர்ந்தெடுத்த பத்தி இதுதான். பணக் கணக்கில் எப்போதும் இதுவே வென்றது. வீடுகள் எழும்பின, தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதன் செலவு மட்டும் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடிய உம்மாவும், விடுமுறைக்கு வந்த வாப்பாவிடம் ஒட்டாமல் நின்ற பிள்ளையும் அந்தச் செலவைச் சுமந்தவர்கள். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் முழுப் பொறுப்பும் ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது. 19,500 என்ற எண்ணைப் பார்க்கும்போது, அதை யார் சுமக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சுமக்கப் போகிறவரிடம் கேட்காமல் இந்தப் பத்தியைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகாது.

வளைகுடாவில் இருப்போருக்கும் இதே தாள்

குடும்பத்தை அங்கே அழைப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று யோசிக்கும் வளைகுடாச் சகோதரர்களுக்கும் முறை ஒன்றுதான். கடை விலையில் தெரியாத செலவுகளைத் தேட வேண்டும். சவூதி அரேபியாவில் உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுதோறும் 100 கூடி 2020-ல் 400 ரியாலானது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்ப இந்த ஒரு வரியே காரணமாக அமைந்தது.

துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு என்போர், வாடகைக் குறைவோடு சாலைச் சுங்கத்தையும் பெட்ரோலையும் நெரிசலில் போகும் மணிகளையும் சேர்க்க வேண்டும். துபாயிலேயே வீடு எடுப்போர், ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுக் கட்டணமாக மின்சார, தண்ணீர் ரசீதோடு வசூலிக்கப்படுவதை மறக்கக் கூடாது.

முடிவெடுக்கும் முன்

சில நடைமுறைகளைப் பின்பற்றினால் இந்தக் கணக்கு உண்மைக்கு அருகில் வரும்.

முதலில், இப்போதைய செலவை மூன்று மாதம் எழுதி வைக்க வேண்டும். சமையலறைச் செலவு கணவரைவிட மனைவிக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஆகவே தாளை இருவரும் சேர்ந்தே நிரப்ப வேண்டும். அடுத்து, புதிய ஊரின் தொகைகளை விளம்பரங்களைப் பார்த்து எழுதாமல், அங்கே நம்மைப் போன்ற வருமானத்தில் வாழும் இரண்டு குடும்பங்களிடம் கேட்டு எழுத வேண்டும். முடிந்தால் கணவர் ஒரு மாதம் முன்னதாகச் சென்று தங்கி, வேலைக்குப் போகும் வழியிலேயே வீடு பார்க்கலாம். பிள்ளைகளைக் கல்வியாண்டின் நடுவில் மாற்றாமல் மே மாதம் வரை பொறுத்தால், இரண்டு பள்ளிகளுக்குக் கட்டணம் கட்டும் நிலை வராது.

கணக்கை முடித்த பிறகு பெரியவர்களுடன் மஷூரா, பின்னர் இஸ்திகாரா. கணக்குப் போடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழி. மூன்று பத்திகளையும் எழுதி, மிச்சத்தையும் அதைச் சுமப்பவரையும் பார்த்து எடுக்கும் முடிவு, போவதாக இருந்தாலும் இருப்பதாக இருந்தாலும், பின்னால் ஒருவரையொருவர் குறை சொல்ல இடம் வைக்காது.

நம் சம்பாத்தியத்திலும் நம் குடும்பங்களின் ஒற்றுமையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.